மரத்துக்கு மரம் பேண்டேஜ்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதற்கும் அடையாளம் வைக்காமல் என்னால் இருக்க முடியாது. கல்யாண வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் அதன் வாரில் ஒரு நூலைக் கட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன். பஸ்ஸில் இடம் பிடிக்கத் துண்டு போட்டால் அந்தத் துண்டின் மூலையில் ஒரு முடிச்சு இருக்கும். இதற்கு முன்ஜாக்கிரதை என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். ஆனாலும் எங்கள் வீட்டில் யாருக்காவது கை வெட்டுப்பட்டால், கட்டுப் போட என்னை மட்டும் பக்கத்தில் விட மாட்டார்கள். அதற்குக் காரணம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

வியாதி ஒட்டிக்கொண்டது நான் வேலை பார்த்த இடத்தில். எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் செக்கிங் மேஜையில் இருந்தேன். நாள் முழுவதும் கண் முன்னால் வெள்ளைத் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை அறுந்த இடமோ ஓட்டை விழுந்த இடமோ தெரிந்தால் உடனே அதன் ஓரத்தில் ஒரு நூலைக் கட்ட வேண்டும். அடுத்த மேஜைக்காரர் அந்த நூலைப் பார்த்து அந்த இடத்தை மட்டும் வெட்டிப் போடுவார். நான் கட்டிய நூலை நம்பி ஒரு மனிதர் கத்திரிக்கோல் எடுக்கிறார் என்பதில் எனக்கு அப்படி ஒரு கர்வம். வெட்டிப் போட்ட துணியை வேலைக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். எங்கள் வீட்டில் காபி வடிகட்டுவது, இட்லித் தட்டில் விரிப்பது, ஊறுகாய் ஜாடிக்கு வாய் கட்டுவது எல்லாம் அந்தத் துணிதான். புதிதாக வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் யாருக்கு உடம்பு சரியில்லை என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்.

அப்போது நாங்கள் மூன்று பேர் கூட்டு. குருசாமி ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். வழியில் கிடக்கும் கல்லில் ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவான். டேனியல் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். லீவு நாளிலும் கழுத்தில் விசில் தொங்கும். மூன்றாவது ஆள் நான். ஐப்பசி அடைமழை கொஞ்சம் ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும், ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு செண்பகத்தோப்புக்கு மிதிப்போம். காலையில் மலை ஏறிக் குளித்துவிட்டு, மத்தியானத்துக்குள் இறங்கிவிடுவது வழக்கம்.

மழைக்குப் பிந்தைய அந்த மலையைப் பற்றி நான் குறையே சொல்ல மாட்டேன். பாறைக்குப் பாறை தண்ணீர் இறங்கும். மேகம் தோளுயரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும். தலைக்கு மேலே சாம்பல் அணில் ஒன்று பூனை அளவு உடம்பை வைத்துக்கொண்டு கிளைக்குக் கிளை தாவும். குறையெல்லாம் பாதையில்தான். மாடு போன தடம், விறகுக்குப் போன தடம், தேன் எடுக்கப் போன தடம் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். முந்தின வருஷம் குருசாமி "எனக்குத் தெரியும்லே" என்று முன்னால் நடந்து, எங்களை இரண்டு மணி நேரம் சுற்ற விட்டான். இந்த வருஷம் அது நடக்கவே கூடாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

நடக்கக் கூடாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அன்று சாயங்காலம் எனக்குப் பெண் பார்க்கும் படலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் ஒருவரின் மகள், பெயர் வசந்தா. அதற்கு முன் நாலு இடம் தட்டிப் போயிருந்தது. அந்த நாலுக்கும் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஆனால் இந்தப் பெண்ணின் போட்டோவை எடுத்து எடுத்துப் பார்த்து அதன் ஒரு மூலையே மடங்கிவிட்டது. கல்யாணம் என்று ஒன்று நடந்தால் இந்தப் பெண்ணோடுதான் நடக்க வேண்டும் என்று மனதுக்குள் தீர்மானமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போஸ்ட் மாஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் மாப்பிள்ளை வந்து பெண்ணைப் பார்த்து, பேச்சும் முடிந்துவிட வேண்டும். நாலரை தாண்டினால் பேச்சே கிடையாது.

(அப்படிப்பட்ட நாளில் எந்த மடையன் மலைக்குப் போவான் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. என் அம்மாவும் அதையேதான் கேட்டாள். ஒரு மணிக்கு வீட்டில் இருப்பேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லாத குறையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கல்யாணம் ஆகிவிட்டால் அடுத்த கார்த்திகைக்கு விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயம்.)

ஆகவே பையில் ஒரு முழு ரோல் பேண்டேஜ் துணியோடு வந்திருந்தேன். பாதை பிரியும் இடத்தில் எல்லாம் சரியான பாதையின் ஓரத்து மரத்தில் ஒரு துண்டைக் கட்டுவது, திரும்பும்போது அதைப் பார்த்துக்கொண்டே இறங்குவது. இதுதான் என் திட்டம். அடிவாரத்தில் பெயர் எழுதிக்கொண்ட ஃபாரஸ்ட் கார்டிடம்கூட அதை விளக்கினேன். அவர் என் முகத்தையும் ரோலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார். நானும் குருசாமியும் டேனியலும் முறை வைத்து மரங்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே ஏறினோம். எட்டரை மணிக்கு, பாதை முடிந்து ஓடையைத் தொடும் இடத்தில் இருந்த கருப்பசாமி கல்லுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து மேலே ஓடையை ஒட்டி ஒரே வழிதான். இனித் துணி தேவையில்லை. பாதிக்கு மேல் மிச்சமிருந்த ரோலை எதற்குச் சுமக்க வேண்டும் என்று, கல்லுக்கு முன்னால் சுத்தமாக இருந்த ஒரு மேடையில் வைத்து, காற்றில் உருளாமல் இருக்க மேலே ஒரு சிறு கல்லையும் வைத்தேன்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. குருசாமி பின்தங்கினான். திரும்பிப் பார்த்தால், சாமி முன்னால் வெறுமனே ஒரு பொருளை வைக்கக் கூடாது என்று சொல்லி, என் ரோலுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தான். மூன்று இடத்தில் வைத்தான். மேலே ஒரு செவ்வந்திப் பூவும் வைத்தான். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

மேலே போய்க் குளித்தோம். டேனியலின் அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தை ஈரக் கையோடு தின்றோம். வழியில் ஏறியிருந்த அட்டைகளைக் காலில் இருந்து பிடுங்கிப் போட்டோம். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் லேசில் நிற்காது, எறும்பு போல ஊர்ந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அதையும் பொருட்படுத்தவில்லை. பதினொன்றே முக்காலுக்குக் கருப்பசாமி கல்லுக்குத் திரும்பிவிட்டோம். என் கணக்குப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

மேடையில் ரோல் இல்லை. கல்லும் பூவும் மட்டும் இருந்தன. யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், போகட்டும் என்று இறங்கத் தொடங்கினோம். முதல் பிரிவில் வலப்பக்கத்து மரத்தில் துணி இருந்தது. இடப்பக்கத்து மரத்திலும் இருந்தது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் அதற்குப் பின்னால் இருந்த மரத்திலும், அதற்குப் பின்னால் இருந்த புதரிலும் இருந்தது. ஒரு வேப்பங்கன்றைத் தலை முதல் கால் வரை சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு கிளையில் தொட்டில்கூடத் தொங்கியது. அத்தனையும் என் கம்பெனித் துணி. நான் பார்த்துப் பாஸ் செய்த துணி.

கார்த்திகை ஞாயிறு என்றால் மலைக்குக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருவார்கள். வந்தவர்கள் வழியெல்லாம் மரத்தில் வெள்ளைத் துணி கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். சாமி முன்னால் குங்குமம் வைத்த துணி ஒன்று பூவோடு இருந்ததையும் பார்த்திருக்கிறார்கள். கோவில் தட்டில் திருநீறு இருந்தால் யாரைக் கேட்டு எடுக்கிறோம்? அதைப் போலக் கிழித்துக் கிழித்து ஆளுக்கொரு நேர்த்தியைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த நேரத்தில் ஒன்றும் விளங்காமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"ஏலே, சாமியே வழி காட்டுதுலே" என்றான் குருசாமி. கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"எந்த வழியக் காட்டுது? எல்லா வழியையும்லா காட்டுது!" என்றேன்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. (என் வாழ்க்கையில் எனக்கு வந்த யோசனைகளைத் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.) நான் போடுவது நெசவு முடிச்சு. பக்தர்களுக்கு அது தெரியாது. ஆகவே முடிச்சைப் பார்த்தால் என்னுடைய மரம் எது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு மரமாகப் போய் டாக்டரைப் போலக் கட்டைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பிரிவு வரை பலித்தது. மூன்றாவது பிரிவில் எந்த மரத்திலும் என் முடிச்சு இல்லை. இங்கே கட்டியது யார் என்று கேட்டேன். குருசாமி தான்தான் என்றான். எப்படி முடிச்சுப் போட்டாய் என்று கேட்டால், "முடிச்சு மாதிரிதான் போட்டேன்" என்கிறான். டேனியலோ தன் முறையில் எல்லாம் ஷூ லேஸ் கட்டுவது போலப் பூ முடிச்சுப் போட்டிருக்கிறான். அந்தக் காட்டில் அன்றைக்குப் பாதி முடிச்சு பூ முடிச்சாக இருந்தது.

சரி, வேண்டாத துணிகளை அவிழ்த்துப் போடுவோம் என்று கையை வைத்தேன். குருசாமி குறுக்கே விழுந்தான். அடுத்தவர் நேர்ந்து கட்டியதை அவிழ்த்தால் அவர்களின் கஷ்டம் நம் தலையில் வந்து விடியும் என்றான். எனக்கு இருக்கிற கஷ்டத்துக்கு மேல் இன்னும் என்ன வர வேண்டியிருக்கிறது என்று சண்டை போட்டேன். டேனியல் நடுவில் நின்று விசில் ஊதினான். அப்புறம் மூன்று பேரும் ஆளுக்கொரு பாதையைக் கை காட்டி, கடைசியில் யாருமே கை காட்டாத பாதையில் போனோம். அது மாட்டுத் தடம். மேடும் பள்ளமுமாக ஒன்றரை மணி நேரம் சுற்றி, பழைய கருப்பசாமி கல்லின் பின்பக்கத்தில் கொண்டுவந்து விட்டது.

மணி இரண்டு. அம்மா வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருப்பாள். இரண்டு காலிலும் ரத்தம் வழிந்து செருப்பில் பிசுபிசுத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது என்று சொல்வதில் இப்போது வெட்கமில்லை. பக்கத்தில் இருந்த மரத்தில் கைக்கு எட்டிய துணிகளைக் கோபத்தோடு இழுத்து, குருசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கும்போதே, இரண்டு காலுக்கும் சுற்றிக் கட்டினேன். மேல் கிளையில் இன்னொன்று தொங்கியது. எக்கிப் பார்த்தேன். ஒரு சாண் எட்டவில்லை. கால் வலியில் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

விறகுக் கட்டோடு வந்த ஒரு அம்மாள் எங்களைக் கண்டது அப்போதுதான். காலையில் டவுன் ஆட்கள் வந்து, சாமியே துணி கொடுத்திருக்கிறது என்று மரத்துக்கு மரம் கட்டினார்கள் என்று சொன்னாள். தானும் ஆட்டுக்கு உடம்பு தேறட்டும் என்று ஒன்று கட்டியிருக்கிறாளாம். வழி தெரியவில்லை என்றோம். அவள் எங்கள் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஓடை மேல இருந்து கீழதானப்பா போவுது. அது கூடவே போனா அடிவாரந்தான்."

படித்த மூன்று பேருக்கும் தண்ணீர் கீழ்நோக்கித்தான் ஓடும் என்பது தோன்றவே இல்லை. அவள் மெதுவாக நடந்தாள். அவசரத்தில் அவளுடைய விறகுக் கட்டை நான் என் தலையில் வாங்கிக்கொண்டு ஓடையோரமாக ஓடினேன். அவள் பின்னாலேயே, ஒரு சுள்ளி குறைந்தாலும் விட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அடிவாரத்துக்கு வந்தபோது மணி மூன்றரை தாண்டிவிட்டது. ஃபாரஸ்ட் கார்டு நோட்டில் எங்கள் பெயருக்கு நேராக எதையோ எழுதினார். அதை நான் பார்க்க விரும்பவில்லை.

இனி ராஜபாளையம் போய்த் திரும்ப நேரமில்லை. அம்மா எனக்காகக் காத்திருக்காமல் நேரே பெண் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று அவள் குணத்தை வைத்துக் கணக்குப் போட்டு, சைக்கிளை மிதித்தேன். என் கணக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் சரியாக வந்தது. நாலு இருபதுக்குப் போஸ்ட் மாஸ்டர் வீட்டு வாசலில் இறங்கினேன். தலையில் சருகு, சட்டையில் சேறு, முழங்கால் வரை மடித்த பேன்ட், இரண்டு காலிலும் பேண்டேஜ்.

உள்ளே அம்மா என்ன சொல்லி வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கம்பெனியில் திடீரென்று அவசர ஆர்டர் வந்துவிட்டது, என் பையன் இல்லாவிட்டால் மெஷின் ஓடாது என்று முதலாளியே ஆள் அனுப்பிவிட்டார் என்று சொல்லியிருந்தாள். என் காலைப் பார்த்ததும் கொஞ்சமும் அசரவில்லை.

"ஐயையோ, மெஷின்ல அடிபட்டுட்டா? அதான் கம்பெனித் துணியாலயே கட்டு போட்டு விட்டிருக்காவ" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். பெண்ணின் அம்மா பதறிக்கொண்டு தண்ணீர்ச் செம்போடு வந்தார். போஸ்ட் மாஸ்டர் சுவர்க் கடிகாரத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தார். வசந்தா காபித் தட்டோடு வந்து நின்றாள். போட்டோவை விட நன்றாக இருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என் காலைப் பார்த்தாள். அவளுடைய அத்தையும் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதினி, மாப்பிள்ளை கால்ல மஞ்சள் துண்டு என்னத்துக்கு இருக்கு?"

குனிந்து பார்த்தேன். வலது கணுக்காலில், கட்டின் மடிப்புக்குள்ளிருந்து ஒரு விரலி மஞ்சள் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. துணியில் குங்குமமும் இருந்தது. பெண்ணின் அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இது காலைல நான் மலையில கட்டிட்டு வந்ததுல்லா? இந்த எடம் முடியணும்னு நேந்துக்கிட்டு, மஞ்சள வச்சு எங்கையால முடிஞ்சேனே."

அம்மா மோட்டுவளையைப் பார்த்தாள். அவளோடு வந்திருந்த என் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. ரோல், குங்குமம், முடிச்சு, மாட்டுத் தடம், விறகுக் கட்டு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அந்த ஆளுக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. வசந்தா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஐந்தாவது இடமும் போயிற்று, அதுவும் வேண்டும் என்று ஆசைப்பட்ட இடம் போயிற்று என்று நினைத்தேன். அப்படி ஒரு துக்கம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

போஸ்ட் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபத்தாறு. வாயைத் திறக்கப் போனார். பெண்ணின் அம்மா அவரை முந்திக்கொண்டார்.

"நான் கட்டின துணி மலையில இருந்து எறங்கி வீடு தேடி வந்திருக்கு. இதுக்கு மேல சாமி என்னத்தச் சொல்லணும்? ராகு காலம் வாரதுக்குள்ள வெத்தலை பாக்க மாத்துங்க."

மாற்றினார்கள். என் சம்பளத்தைக் கேட்கவில்லை, குணத்தைக் கேட்கவில்லை. என் கணுக்காலைப் பார்த்துப் பெண் கொடுத்தார்கள். குருசாமி இன்றைக்கும் இந்தக் கல்யாணத்தைத் தான் வைத்த குங்குமம்தான் முடித்து வைத்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் வசந்தாவிடம், அன்றைக்கு ஏன் சுவரைப் பார்த்து அழுதாய் என்று கேட்டேன். அழவில்லையாம், சிரிப்பை அடக்கினாளாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை.

"அந்த மரத்துல எங்கம்மா, இந்த எடம் முடியணும்னு ஒண்ணு கட்டினாவ. அதுக்கு மேல் கிளையில, ஒரு பாறை மேல ஏறி நின்னு, முடியவே கூடாதுன்னு நான் ஒண்ணு கட்டினேன்."

"எதுக்கு?"

"பேண்டேஜ் கம்பெனி மாப்பிள்ளைன்னாவ. வீடெல்லாம் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும்னு நெனச்சேன்."

அந்த மேல் கிளைத் துணி எனக்கு நன்றாக நினைவிருந்தது. எக்கியும் எட்டவில்லை என்று அப்பாவியாகச் சொல்லி வைத்தேன். எட்டியிருந்தால் அவளுடைய துணியும் என் காலோடு வீடு வந்து, அவள் வேண்டுதலும் பலித்திருக்குமாம். அன்று பிடித்தது வினை. நான் ரேஷன் கார்டைத் தொலைத்தால், பாலைப் பொங்க விட்டால், வழி தெரியும் என்று சொல்லித் தெரு மாறிக் கூட்டிப் போனால், அவள் என்னைத் திட்டுவதே இல்லை. "ஒரு சாண் எக்கியிருக்கலாம்" என்பாள். அவ்வளவுதான். பிள்ளைகள் பேசத் தொடங்கியதும் கற்றுக்கொண்ட வாக்கியங்களில் அதுவும் ஒன்று. சம்பந்தி வீட்டார் வரைக்கும் இப்போது அது போய்விட்டது. போன தீபாவளிக்கு மருமகன் என் முகத்துக்கு நேராகச் சொல்கிறான்.

சென்ற மாதம் பரணில் இருந்த முறுக்கு டின்னை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறினேன். டின் ஒரு சாண் தள்ளி இருந்தது. கீழே நின்ற வசந்தா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். வழக்கமான வசனம் வரப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினேன்.

"எக்காதிய, விழுந்து வைக்கப் போறிய" என்றாள். ஸ்டூலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அன்னைக்கும் அந்த ஒரு சாண் எக்காதது நல்லதுதான்."

இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதை மறக்காமல் இருக்க, ஸ்டூலிலிருந்து இறங்கியதும் அதன் காலில் ஒரு நூலைக் கட்டி வைத்தேன். மறுநாள் காலையில் வீட்டைப் பெருக்கும்போது அவள் அதை அவிழ்த்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.